குருவியா, நடையா

எங்கள் வீட்டில் கக்கூசுக்குப் போகிற வழி என் கட்டிலின் கால்மாட்டைச் சுற்றித்தான் போகிறது. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணன் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் அதுதான் பாதை. கொடைக்கானல் குளிரில் ராத்திரி ஒரு தடவையோடு நிறுத்துகிற ஆள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆனதும் கட்டில் கிடக்கிற அந்தச் சின்ன அறையை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒதுக்கினார்கள் என்றால், வாசலுக்கு ஒரு திரை போட்டார்கள். அப்பா திரைக்கு வெளியே நின்று இருமிவிட்டு வருவார். அம்மாவிடம் அந்த மரியாதையும் கிடையாது. "தூங்குங்க தூங்குங்க, நான் பாட்டுக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே லைட்டைப் போடுவாள்.

நான் டாக்ஸி ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை என்னை விடவில்லை, அதனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். என் மனைவி கிளாவரைக்காரி. மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பம். பன்னிரண்டாவது முடித்தவள். பஜாரில் வீட்டில் செய்கிற சாக்லேட்டும் தைலமும் விற்கிற ஒரு பாய் கடையில் பில் போடுகிறாள். கடைக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. நானும் செவ்வாய்க்கிழமை வண்டி எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வாரத்தில் எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த ஒரு நாளையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் பிரச்சினை. வீட்டில் முடியாது. ஏரியைச் சுற்றி நடக்கலாம் என்றால், வழியில் டாக்ஸி ஸ்டாண்ட். அத்தனை டிரைவர்களும் என் கூட்டாளிகள். ஒரு தடவை போனோம். ஹாரன் அடித்தே கொன்றார்கள். ஒருத்தன் ஓடி வந்து என்னிடமே, "சார், சைட் சீயிங் போறீங்களா சார்? மேடத்துக்குப் பைன் மரக்காடு காட்டுறேன் சார்" என்றான். அவள் தலையைக் குனிந்தவள் வீட்டு வாசலில்தான் நிமிர்ந்தாள். அடுத்த தடவை வேறு பக்கம் போகலாம் என்று கிளம்பினோம். அம்மா அண்ணன் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரை மாட்டிக் கூடவே அனுப்பினாள். "சும்மாதான போறீங்க, இதுகளையும் கூட்டிட்டுப் போங்க. எனக்குக் கொஞ்சம் சோலி கெடக்கு."

'சும்மா' போனால்தானே பிள்ளைகளை அனுப்புவாள் என்று கண்டுபிடித்தது என் மனைவி. அதிகம் பேச மாட்டாள். வீட்டில் அவள் பேசுவதைச் சேர்த்து வைத்தால் 'ம்', 'சரிங்கத்தை', 'இல்லங்க' இந்த மூன்றும்தான் தேறும். ஸ்டாண்டில் என் சேக்காளிகள், "வாயாடிக்கு வாயே இல்லாத பொண்ணு வாச்சிருக்கு" என்பார்கள். அவளே ஒரு நாள் தானாகப் பேசினாள்.

"ஏங்க, நாம ஏதாச்சும் ஒரு பழக்கம் வச்சுக்கிருவமா?"

"என்ன பழக்கம்? தண்ணியடிக்கவா? எனக்கு ஓகே."

"அதில்லங்க. டூரிஸ்டுக எல்லாம் வச்சிருக்காங்கல்ல. மலை ஏறுறது, குருவி பாக்குறது. வெள்ளனே போகணும். பிள்ளைக எந்திரிக்காதுக."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விடியும் முன்னே போக வேண்டிய ஒரு பொழுதுபோக்கு இருந்தால் அம்மாவும் வர மாட்டாள், பிள்ளைகளும் வராது, டாக்ஸி ஸ்டாண்டிலும் ஆள் இருக்காது. எங்கள் ஊரில் அப்படி இரண்டு கூட்டம் இருந்தது. என் கூடப் படித்தவன் ஒருத்தன் ஜிம் வைத்திருக்கிறான். அவன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மலைப்பாதையில் நடக்கிறான். இன்னொன்று அவளுடைய கடை பாய் நடத்துகிற குருவி பார்க்கிற கூட்டம். இரண்டு கூட்டத்திலும் பஜார் ஆட்கள்தான், அதனால் இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமைதான் நாள். ஆளுக்கொரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

"உங்க கொணத்துக்கு எது ஒத்து வருதோ அது. எனக்கு எதுன்னாலும் சரிங்க" என்றாள்.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன்.

"செவ்வாக்கெழமை வெள்ளனே நடக்கப் போறோம்மா."

"ஏன், இங்க நடக்க எடமில்லையா? தண்ணி லாரி வந்தா ரெண்டு கொடத்தத் தூக்கிட்டு நடக்குறது."

"ஒடம்புக்கு நல்லதாம்."

"கல்யாணமாயி ஆறு மாசத்துல ஒடம்புக்கு என்னடா வந்துச்சு?"

அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

முதல் செவ்வாய் நடை. வட்டக்கானலில் ஆரம்பித்து வெள்ளகவி வழியாகக் கீழே கும்பக்கரைக்கு இறங்குவது. ஜிம்காரன் கழுத்தில் விசில் போட்டிருந்தான். அவனை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தவனைக் கேப்டன் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

"லேடீஸ் எல்லாம் எனக்குப் பின்னால முன் வரிசைல. ஜென்ஸ் பின்னால" என்றான்.

"ஏலே, அது என் பொண்டாட்டிலே."

"யாரா இருந்தாலும் லைன் லைன்தான். ஜோடி ஜோடியா நடந்தா ஸ்பீடு கொறஞ்சிரும்."

அதற்கென்று நான் புதுசாக ஷூ வாங்கியிருந்தேன். அது கொஞ்சம் இறுக்கம். கடைக்காரர், "போடப் போட விட்டுக்குடுக்கும்" என்றார். அது ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. என் மனைவி வீட்டில் போடுகிற ரப்பர் செருப்போடு வந்திருந்தாள். இறக்கம் ஆரம்பித்ததும் நான் பார்த்தேன், அவள் இறங்கவில்லை, பாதையே அவளுக்குக் கீழே நழுவிப் போய்க்கொண்டிருந்தது. பூண்டுக் காட்டில் படிப்படியாக எருக்கூடை சுமந்து ஏறி இறங்கியவள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் நான் வரிசையில் கடைசி ஆள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தி போடுகிற அளவுக்கு ஆட்கள்.

என்ன செய்வது, முன்னால் போகிறவனிடம் சொல்லி அனுப்பினேன். "முன்னால சொல்லு. கிளாவரை எக்ஸ்பிரஸ கொஞ்சம் நின்னு போகச் சொல்லு." அது ஆள் ஆளாக மாறி முன்னால் போனது. கொஞ்ச நேரத்தில் பதில் அதே வழியில் திரும்பி வந்தது. "வழியில ஸ்டாப்பு கெடையாதாம்." வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஆறு மாதத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் கேலியை வேறு எவனோ வாயில்தான் நான் கேட்க வேண்டியிருந்தது.

வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்பு போட மாட்டார்கள். எங்கே பார்த்தாலும் கோயில், ஊரே கோயில் மாதிரி. போகிறவர்களும் ஊர் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடையை நிறுத்தாமலே போய்விட்டாள். நான் கல்லில் உட்கார்ந்து லேசை அவிழ்த்தேன். கால் வெளியே வந்ததும் எனக்குக் கண்ணே கலங்கியது, அவ்வளவு சுகம். ஊரைத் தாண்டியதும் மறுபடி மாட்டலாம் என்று பார்த்தால் கால் வீங்கிவிட்டது. உள்ளே போக மாட்டேன் என்றது. சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். குதிகாலைத் தரையில் இடித்துப் பார்த்தேன்.

சுவரோரம் குத்தவைத்திருந்த ஊர்க்காரர் ஒருத்தர் வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிய வந்த காலு இனி போகாது தம்பி. அதுக்கும் ரோசம் இருக்குல்ல" என்றார்.

அங்கிருந்து கும்பக்கரை வரைக்கும் வெறுங்காலோடு இறங்கினேன். ஷூ கழுத்தில் தொங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் தின்று முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் பெண்களுக்கு முன்னால் சீட்டு. நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஏதோ வேலையாக அறைக்குள் வந்தவள், "எப்பிடி இருந்துச்சுங்க?" என்று கேட்டாள்.

"உன் முதுகு நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் திரைக்கு வெளியே அப்பா இருமினார்.

அடுத்த செவ்வாய் குருவி. ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு சோலைக்குப் பாய் தன் கடை ஆம்னி வேனில் கூட்டிப் போனார். பாய் ரொம்ப மெதுவாகப் பேசுகிறவர். கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூடக் கழுத்தில் பைனாகுலர் தொங்கும். நான் சிவப்பு ஜெர்கின் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய பழைய காப்பிக் கலர் சால்வையைக் கொடுத்து, "குளிரும், மேல போட்டுக்கங்க தம்பி" என்றார். அதற்கப்புறம்தான் சொன்னார், பேசக்கூடாது, கையை நீட்டக்கூடாது, செல்போனை அணைத்துவிட வேண்டும்.

இங்கே லேடீஸ், ஜென்ஸ் என்று கிடையாது. அவள் என் பக்கத்திலேயே நின்றாள். தோள் தோளில் பட்டது. மூச்சு விடுவது கேட்டது. இது போதுமே, இதுதானே நாம் கேட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம்தான் அப்படி நினைத்தேன். எனக்கு ஒரு விஷயம் மனதில் வந்தால் அது உடனே வாயில் இருக்க வேண்டும். முன்னால் நிற்கிற ஜவுளிக்கடைக்காரர் கழுத்தை நீட்டி நீட்டி மேலே பார்த்ததைப் பார்த்தால் கோழி தண்ணி குடிக்கிற மாதிரியே இருந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டும்.

"ஏ புள்ள."

"உஷ்" என்றாள் அவள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

என் கண்ணும் அதற்கு உதவாது. டிரைவர் கண், ரோட்டைப் பார்த்தே பழகியது. எதிரே வண்டி வருகிறதா, பள்ளம் கிடக்கிறதா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அவர்கள் எல்லாரும் ஒரே இலையைக் காட்டி ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். எனக்கு இலைதான் தெரிந்தது. ஈரம் சாக்ஸுக்குள் இறங்கியது, அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியது. அதைத் தட்டிவிடக்கூட முடியவில்லை, அசையக்கூடாது.

கடைசியில் பாய் கையை மட்டும் லேசாகத் தூக்கினார். பாதை வளைகிற இடத்தில் கீழே ஈரச் செடிகளுக்குள் ஒரு நீலக் குருவி இருக்கிறதாம். வயிறு வெள்ளையாம். இந்த மாதிரி மலைச் சோலையை விட்டால் வேறெங்கும் இருக்காதாம். அவர்கள் அதைப் பார்க்க எத்தனையோ செவ்வாய் வந்துபோனவர்கள். எல்லாரும் ஓரடி ஓரடியாக வளைவுக்கு நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் காட்டுப் பாதையில் வளைவு வந்தால் குரல் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவோம். அந்தப் பக்கம் காட்டுமாடு நின்றால் ஆள் வருகிறது என்று தெரிந்து விலகிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்து விறகுக்குப் போனாலும் காளானுக்குப் போனாலும் அப்படித்தான். அதற்குமேல் நான் டிரைவர் வேறு. கொண்டை ஊசி வளைவு என்றால் கை தானாக ஹாரனுக்குப் போகும். கையில் ஹாரன் இல்லாத குறையை அன்று வாய் தீர்த்துக்கொண்டது.

"ஓஓய்" என்றேன்.

சோலை முழுக்கப் படபடவென்று எழுந்தது. நான் பார்க்கவே முடியாத அத்தனை குருவிகளும் அங்கேதான் இருந்திருக்கின்றன. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

பாய் பைனாகுலரைக் கீழே இறக்கினார். "தம்பி, யாரக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார், கடையில் 'என்ன வேணும்' என்று கேட்கிற அதே குரலில்.

"யாரையும் இல்ல பாய். காட்டுமாடு நின்னா வெலகட்டும்னு."

"காட்டுமாடு காலைல நம்ம கடை வாசல்ல நின்னுச்சு தம்பி. அதுக்கு இப்ப பஸ் ஸ்டாண்டு குப்பைத்தொட்டிலதான் சோலி. இங்க எதுக்கு வருது?"

கூட்டம் சத்தமே இல்லாமல் சிரித்தது. அப்படியும் சிரிக்கலாம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. நான் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. கண்ணெதிரே பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேனில் நெருக்கியடித்துத் திரும்பி வந்தோம். என் மடியில் யாருடைய குடையோ.

அன்று சாயங்காலம் அறையில் பேசினோம். சத்தம் வராமல் பேசுவதற்கு எங்களுக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு.

"ரெண்டும் பாத்தாச்சு. நமக்கு நடைதான் சரி" என்றேன். "அங்க பேசலாம், கத்தலாம், எவனும் கேக்க மாட்டான். எனக்கு வேற செருப்பு இருக்கு. உன் பின்னாலயே வந்துருவேன்."

"நமக்கா, உங்களுக்கா?"

"நீதான எதுன்னாலும் சரின்ன?"

"சொன்னேன். அப்ப நான் பாக்கலைல்ல."

"என்னத்த?"

"அந்தக் குருவிய."

அண்ணி வாளியோடு உள்ளே வந்தாள். "நான் இல்ல, நான் இல்ல, நீங்க பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டிலைச் சுற்றிப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் போகும் வரைக்கும் இரண்டு பேரும் போர்வையை மடித்தோம்.

"உங்ககூட இருக்கலாம்னுதாங்க ஆரம்பிச்சேன், பொய்யில்ல" என்றாள் என் மனைவி. "ஆனா அங்க நிக்கிறப்ப யாரும் என்னைய ஒண்ணும் கேக்கல. தண்ணி வந்துருச்சா, சோறு வெந்துருச்சா, சில்லறை இருக்கா, ஒண்ணும் கேக்கல. அந்த நீலக் குருவி எனக்குப் பாதிதான் தெரிஞ்சுச்சு. முழுசாப் பாக்கணும்."

"அப்ப நான்?"

"நீங்களும் வாங்க. வாய மட்டும் வீட்ல வச்சிட்டு வாங்க."

"வாய வச்சிட்டு வந்தா என்கிட்ட மிச்சம் என்ன இருக்கும்?"

"அதத்தான் நானும் பாக்கணும்னு இருக்கேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. அடுத்த செவ்வாய் அவள் குருவிக்குப் போனாள், நான் வீம்புக்கு நடைக்குப் போனேன். ரப்பர் செருப்போடு நன்றாகவே நடந்தேன். கேப்டனுக்கு அடுத்த ஆளாகப் போனேன். "பரவால்லலே, ஒனக்குன்னே செஞ்ச வேலை இது" என்று அவனே சொன்னான். அவன் சொன்னது சரி. என் குணத்துக்கு நடைதான். வழியெல்லாம் ஒவ்வொருத்தனையும் வம்புக்கு இழுத்தேன், ஒவ்வொரு வளைவிலும் குரல் கொடுத்தேன், எல்லாரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. முன்னால் சொல்லி அனுப்பத்தான் ஒரு ஆள் இல்லை.

நான் வீடு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அவள் எப்போதோ வந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?"

"ம்."

"முழுசாவா?"

"வாலு மட்டும்."

அவ்வளவுதான் அந்தச் செவ்வாய். சேர்ந்திருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்து, அந்த வழியில் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டு வந்திருந்தோம். இதற்கு அண்ணன் பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றியிருக்கலாம். ஸ்டாண்டில் அந்த வாரம் முழுக்க என்னிடம் யாரும் வாய் கொடுக்கவில்லை. ஒரு டூரிஸ்ட், "மேகம் எப்ப விலகும்?" என்று கேட்டதற்கு, "அதுக்குச் செவ்வாக்கெழமை லீவு சார்" என்று எரிந்து விழுந்தேன்.

அதற்கடுத்த செவ்வாய் குருவிக்கே போனேன். சமாதானம் என்றெல்லாம் இல்லை. இன்னொரு வாரம் அப்படிக் கழிவதை என்னால் தாங்க முடியாது, அதனால்தான். பாய் என்னைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு சாக்லேட் துண்டை எடுத்துக் கையில் வைத்தார்.

"தம்பி, இத வாயில போட்டுக்கங்க. கடிக்கக்கூடாது. கரையிற வரைக்கும் பேசக்கூடாது."

"கரைஞ்சிட்டா?"

"இன்னொண்ணு தருவேன்."

அப்படி நான் எத்தனை சாக்லேட் தின்றேன் என்று பாய்க்குத்தான் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் நாக்கை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். தொண்டை அரித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த மனுசன் இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று ஸ்டாண்டில் சொன்னால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் நீலக் குருவி வந்தது. எல்லாருடைய பைனாகுலரும் ஒரே சமயத்தில் ஏறியது. நான் பார்த்தேன். இலை. அவள் வாய் திறந்தபடி அசையாமல் நின்றாள். அவளுக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது என்று அவள் முகத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. நான் அன்று பார்த்தது அதைத்தான்.

திரும்பும்போது பாய்க்குப் போன் வந்தது. வத்தலக்குண்டிலிருந்து கடைக்குச் சரக்கு வந்து நிற்கிறதாம். வேனில் அன்று ஆட்கள் அதிகம், சோலைக்கு நேரே வந்துசேர்ந்த இரண்டு பேரும் திரும்பும்போது அதில்தான் ஏறினார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் நடந்து வந்துருவீங்கல்ல? தம்பிதான் நடைக்காரராச்சே" என்றார் பாய். வேன் போய்விட்டது.

ரோட்டில் நாங்கள் இரண்டு பேர். இனி பேசலாம். இரண்டு மணி நேரமாகச் சேர்த்து வைத்தது ஏகப்பட்டது இருந்தது. வாயைத் திறந்தேன். சாக்லேட்டுப் பிசுபிசுப்பில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது விடுபடுவதற்குள் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"தம்பி, யாரக் கூப்பிட்டீங்க?"

நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பாய் இல்லை. என் மனைவி. பாயின் குரல், பாயின் நிதானம், இல்லாத பைனாகுலரை நெஞ்சுமேல் தடவுகிற பாயின் கை. நான் சிரிப்பதற்குள் அவள் அம்மாவாக மாறிவிட்டாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, "தூங்குங்க தூங்குங்க" என்று ரோட்டோரத்தில் இல்லாத ஒரு கட்டிலைச் சுற்றிப் போனாள். அப்புறம் அப்பா. அப்பாவுக்கு இருமல் மூன்று தினுசு என்று அவள் செய்து காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வரலாமா என்று ஒன்று, வந்துவிட்டேன் என்று ஒன்று, போகிறேன் என்று ஒன்று. கடைசியில் நான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற வண்டிக்காரனை முணுமுணுவென்று திட்டிவிட்டு, கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்து, "ஒண்ணுமில்ல சார், கிளைமேட்டு நல்லா இருக்குன்னேன் சார்."

நான் அங்கிருந்த பாலத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். வயிறு வலித்தது.

"ஏ புள்ள, இத்தன நாளு இத எங்க வச்சிருந்த?"

"எறக்கி வைக்க எடம் எங்க இருந்துச்சு? நீங்க எப்படா மூச்சு விடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்க விட்டா அத்தை வந்துருவாங்க."

வழி முழுக்க அவள்தான் பேசினாள். அவர்கள் ஊரில் பூண்டு வாங்க வருகிற வியாபாரி எப்படி மூட்டையை முகர்ந்து பார்ப்பான், கடைக்கு வருகிற புதுப் பொண்ணு மாப்பிள்ளைகள் எப்படி ஒரே சாக்லேட்டை ஆளுக்குப் பாதி ருசி பார்த்துவிட்டு வாங்காமல் போவார்கள், கேப்டன் விசிலை வாயில் வைத்துக்கொண்டே எப்படிப் பேசுகிறான் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். ஸ்டாண்டிலேயே பெரிய வாய் என்று பேர் வாங்கிய எனக்கு இடையில் ஒரு வார்த்தை போட இடம் கிடைக்கவில்லை. கடுப்பாகக்கூட இருந்தது. நடுவில் நீலக் குருவியைப் பற்றியும் சொன்னாள், ஆனால் அதை மட்டும் செய்து காட்டவில்லை. "அது வந்துச்சு. நின்னுச்சு. போயிருச்சு" என்றாள்.

முதல் வீடுகள் தெரிய ஆரம்பித்ததும் குரல் இறங்கியது. எங்கள் தெரு முனையில் ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கொண்டாள். வாசலில் அம்மா கேட்டாள்.

"என்னடி பாத்தீங்க இம்புட்டு நேரமா?"

"ஒண்ணும் பெருசா இல்லங்கத்தை."

நான் குருவிதான் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். என் குணத்துக்கு அது ஒத்து வந்ததா என்று கேட்டால், இன்றுவரை வரவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் குளிரில் நின்று கழுத்து பிடித்துக்கொள்கிறது. காக்காய், மைனா தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. பைனாகுலரைக் கொடுத்தால் அதில் என் கண்ணிமைதான் தெரிகிறது. சாக்லேட் தின்று பல் கூசுகிறது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வது திரும்பி வருகிற அந்த ரோட்டுக்காக. அந்த ரோடோ கிடைக்க மாட்டேன் என்கிறது. அதற்கப்புறம் போன இரண்டு வாரமும் வேனில் இடம் இருந்தது. "வாங்க தம்பி, ஏறுங்க" என்று பாய் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவு நல்ல மனுசனிடம் நடந்து வருகிறோம் என்று எப்படிச் சொல்வது? முதல் வாரம் சொல்லிப் பார்த்தேன். "குளிர்ல எதுக்கு, பொம்பளப் பிள்ளையக் கூட்டிட்டு" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஜவுளிக்கடைக்காரருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவள் 'ம்' என்றுகூடச் சொல்லாமல் உட்கார்ந்து வந்தாள். நான் பின்னால் சாக்லேட் டப்பாக்களோடு வந்தேன்.

நேற்று ஜிம் வாசலில் கேப்டன் என்னை நிறுத்தினான்.

"அடுத்த செவ்வா பெருமாள் மலை ஏறுறோம், வாரியாலே?"

"இல்ல. குருவி பாக்கப் போறேன்."

"நீயா? ஒன்னயப் பாத்தா குருவியெல்லாம் பழனிக்கு எறங்கிப் போயிருமேலே."

"போனாப் போகுது."

"அந்தக் கடைப்பிள்ள ஒன்ன நல்லா மடக்கிப் போட்டுருக்குலே. ஒரு நாளாச்சும் ஒரு குருவியப் பாத்தியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன எழவுக்குப் போற?"

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்கவில்லை. அவன் பின்னால் ஜிம்முக்குள் அவன் ஆட்கள் தடிதடியாக நின்று எடை தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் உட்கார்ந்தால் இரண்டு சீட்டு அடைக்கும். நான் அவன் தோளில் கை போட்டேன்.

"கேப்டன்" என்றேன். முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டதில் அவனே கொஞ்சம் அசந்துவிட்டான். "பெருமாள் மலை எங்கயும் ஓடிறாது. நீயும் ஒரு நாளு வந்து பாரேன். இந்தா, இவங்களையும் கூட்டிட்டு வா."

"இவனுகளையா? எதுக்குலே?"

"சும்மாதான்" என்றேன். "வேன்ல எடம் நெறையக் கெடக்கு."